நாற்பதாயிரத்தில் ஒரு விளையாட்டுக் கணிப்பொறி

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை ஓடைப்பட்டியில் நல்ல இடி மழை. எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் 'டப்' என்று ஓர் ஓசை எழுந்தது. தொடர்ந்து கருகிய நாற்றம் வந்தது. வாங்கி ஏழு மாதங்களே ஆன கணிப்பொறி அத்துடன் நின்றுபோயிற்று. பார்வைக்கு அழகான பெட்டி அது. முன்னே கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி ஒளிரும் விளக்குகள், மேலே 'ஐ7' என்று பளபளக்கும் ஒட்டுச்சீட்டு. திராட்சைப் பந்தலின் கீழ் அவள் அண்ணன் கவாத்து வெட்டிய கூலியும், விடுமுறை நாள்களில் அவளும் அம்மாவும் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிப் பெற்ற கூலியும் அதற்குள்தான் இருந்தன. விற்ற கடையில், இடியால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அவள் வகுப்பில் கண் கலங்கியபோது, எங்களுக்குக் கணிப்பொறிப் பாடம் எடுக்கும் சிஸ்டர் அனுதாபமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. "அடுத்ததை வாங்குவதற்கு முன்னால் இது ஏன் செத்தது என்று பாருங்கள். பெட்டியை இங்கே கொண்டுவாருங்கள்" என்றார்கள். பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர், ஒரு திருப்புளியுடன் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். தை பிறந்ததும் மறுபடி நாற்பதாயிரம் ரூபாய் திரட்டித் தருவதாகத் தோழியின் அண்ணன் சொல்லியிருந்தார். இம்முறை ஒவ்வொரு பாகத்தையும் நாங்களே தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. அந்தத் தேர்வில் நாங்கள் கற்றவற்றை நம் பள்ளித் தங்கையருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

"விளையாட்டுக்கா நாற்பதாயிரம்?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விளையாட்டுக்காகச் செய்த கணிப்பொறி மற்ற வேலைகளையும் நன்றாகவே செய்யும். அசையும் படங்கள் வரையும் பிளெண்டர், விளையாட்டுகளை உருவாக்கும் கோடோ ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை கேட்பதும் இதே வலுவைத்தான். எங்கள் தோழிக்கு விளையாடுவதைவிட விளையாட்டுச் செய்வதில் ஆசை அதிகம்.

எந்தப் பாகத்தை வாங்குவது என்று தொடங்குவது தவறு. எதை விளையாடப் போகிறோம் என்றே தொடங்க வேண்டும். கனடாவில் வாழும் தமிழர் ஒருவரின் குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டைக்கொண்டு இட்லியும் பிரியாணியும் செய்வதே அதன் கதை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. அதற்கு விலையுயர்ந்த கணிப்பொறி எதுவும் தேவையில்லை. புனே நகரக் குழுவொன்று 2020-இல் வெளியிட்ட 'ராஜி' அப்படியன்று. தம்பியைத் தேடிப் போர் புரிந்து செல்லும் பெண்ணின் கதையாகிய அதில் கோட்டைகளும் ஒளியும் நிழலும் நிறைந்திருப்பதால் படம் வரையும் வேலை மிகுதி. பெருங்கூட்டத்தோடு இணையத்தில் போரிடும் விளையாட்டுகளோ இன்னும் மிகுதியாகக் கேட்கும்.

படம் வரைவது எத்தனை பெரிய வேலை என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள்; ஆக 20,73,600. அசைவு தடங்கலின்றித் தெரிய நொடிக்கு 60 படங்கள் வேண்டும். அப்படியானால் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கே. '4கே' என்னும் திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. ஆகையால் பெரிய திரைக்கு ஆசைப்படுகிறவர் மற்றப் பாகங்களுக்கும் சேர்த்தே ஆசைப்பட வேண்டியிருக்கும். எங்கள் தோழியின் பழைய திரை இடியில் பிழைத்திருந்தது. 1920-க்கு 1080 அளவுள்ள அதையே வைத்துக்கொள்வது என முடிவு செய்தோம். பெரிய செலவு ஒன்று அங்கேயே மிஞ்சியது.

சிக்கனம் என்றதும் எங்களுக்கு வியப்பூட்டிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறோம். காரல் ஷா என்னும் அமெரிக்கப் பெண்மணி 1982-இல் 'ரிவர் ரெய்ட்' என்ற விமான விளையாட்டை அடாரி கருவிக்காக எழுதினார். முழு விளையாட்டும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது; கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். நாங்கள் வாங்கிய 16 ஜிகாபைட் நினைவகத்தில் அந்த விளையாட்டை நாற்பத்திரண்டு லட்சம் முறை அடுக்கி வைக்கலாம்!

இனி பாகங்களுக்கு வருவோம். ஐந்து குதிரைத் திறன் மோட்டாரைக் கிணற்றில் இறக்கிவிட்டு, முக்கால் அங்குலக் குழாய் பூட்டினால் திராட்சைக்கு எவ்வளவு தண்ணீர் பாயும்? குழாய் விடுகிற அளவுதானே பாயும்! கணிப்பொறியும் அத்தகையதே. எல்லாக் கணக்கையும் நடத்துவது பிராசஸர். படம் தீட்டுவது கிராபிக்ஸ் பகுதி. இவ்விரண்டுக்கும் வேலைப்பொருளை நீட்டிக்கொண்டிருப்பது ரேம். இவற்றில் எது மெதுவோ அதன் வேகமே விளையாட்டின் வேகம். ஒன்றுக்கு மட்டும் பணத்தைக் கொட்டுவது அந்த மோட்டார் கதையாக முடியும்.

செத்த பெட்டியில் எங்களுக்குக் கிடைத்த முதற்பாடம் அந்த 'ஐ7' ஒட்டுச்சீட்டு. ஐ3, ஐ5, ஐ7 என்று ஏறிக்கொண்டு போவதால் ஐ7 என்றால் உயர்ந்தது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். மேலிருந்த விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்துப் பார்த்தபோது 4770 என்ற எண் தெரிந்தது. அது இன்டெல் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நான்காம் தலைமுறைச் சில்லு. அந்நாளில் அது உயர்ந்த சாதிதான். ஆனால் 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 12100, பெயரில் சிறியதாயினும் வேகத்தில் அதை முந்திவிடும். இன்னொரு குறையும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இவ்வளவு பழைய பிராசஸரில் நிறுவ மைக்ரோசாஃப்ட் முறைப்படி இடம் தருவதில்லை. ஆகவே ஒட்டுச்சீட்டைப் பாராமல் எண்ணையும் அது வெளிவந்த ஆண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

பெயரின் கடைசி எழுத்துக்கும் பொருள் உண்டு. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப்பின் 'எஃப்' என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. விலை குறைவென்று அதை வாங்கிவிட்டுத் திகைப்போர் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வரிசையில் 'ஜி' என முடிபவற்றில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருக்கும். (அந்நிறுவனத்தை 2014 முதல் தலைமையேற்று நடத்துபவர் லிசா சு என்னும் பெண்மணி என்பதை எங்கள் வகுப்பில் பலமுறை சொல்லி மகிழ்ந்தோம்.)

நால்வருக்குள்ளும் பெரிய வழக்கு மூண்டது இங்கேதான். விளையாட்டுக்காக அமைக்கும் கணிப்பொறியில் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவதே பொதுவான வழக்கம். நாற்பதாயிரத்தில் அப்படி ஒதுக்கினால் மற்றவை எல்லாம் நோஞ்சானாகிவிடும். கார்டை வாங்காவிட்டாலோ பெரிய விளையாட்டுகள் திணறும். கடைசியில் திராட்சைக்காரர் வழியையே பின்பற்றினோம். ஒரே போகத்தில் எல்லாக் கடனையும் அடைக்க எவரும் நினைப்பதில்லை அல்லவா? இந்தப் போகத்தில் ரைசன் 5 5600ஜி. 2021-இல் வந்த அதில் ஆறு உட்கருக்கள். படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. 'வெண்பா' அதில் தாராளமாக ஓடும். பெரிய விளையாட்டுகளைப் படத்தின் தரத்தைக் குறைத்து ஆடலாம். அடுத்த போகத்தில் தனி கார்டு. இதில் ஒரு நட்டமும் உண்டு. பின்னால் கார்டு போடும்போது, 'ஜி' இல்லாத 5600-ஐவிட இது சற்றுப் பின்தங்கும். அதன் உள்நினைவகம் 32 மெகாபைட், இதனுடையது 16 மட்டுமே. அதைத் தெரிந்துதான் ஒப்புக்கொண்டோம்.

மதர்போர்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிராசஸர் உட்காரும் பொருத்துவாய் ஒத்திருக்க வேண்டும். எங்களுடையது ஏ.எம்.4 என்னும் வகை. 2016-இல் வந்து நெடுநாள் நிலைத்த வகை. கார்டுக்கான நீண்ட பிளவும், ரேமுக்கு இரண்டேனும் பிளவுகளும் இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட அலங்காரத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை.

ரேமில் பழைய பெட்டி மீண்டும் ஏமாற்றியது. அதிலிருந்த ரேம் நன்றாக இருந்தும் டி.டி.ஆர். 3 வகையாதலால் புதிய போர்டில் சேராது. அடியிலுள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். புதிதாக டி.டி.ஆர். 4 வாங்கச் சென்றால் விலை வானத்தில் நின்றது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ளத் தொடங்கியதன் விளைவாம். எங்கோ அமெரிக்காவில் கட்டும் கட்டடத்துக்கும் ஓடைப்பட்டித் திராட்சைக் கூலிக்கும் இப்படி ஒரு தொடர்பு! செலவைக் குறைக்க 8 ஜிகாபைட் ஒன்றோடு நிறுத்தலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடாது என்றே தீர்மானித்தோம். தனி கார்டு இல்லாதபோது படம் தீட்டும் பகுதியும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே 16-க்குப் பதிலாக இரண்டு 8-ஆக இரு பிளவுகளிலும் போட்டால் இரு வழிகளில் ஒரே சமயத்தில் போக்குவரத்து நடக்கும். விளையாட்டில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பழைய பெட்டியின் எஸ்.எஸ்.டி. பள்ளிக் கணிப்பொறியில் மாட்டிப் பார்த்தபோது உயிரோடு இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம். எஸ்.எஸ்.டி. விளையாட்டு விரைவாகத் திறக்க உதவுமேயன்றி, நொடிக்கு எத்தனை படம் என்பதை அவ்வளவாகக் கூட்டாது.

இப்போது கொலையாளியைப் பற்றி எழுத வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக்கித் தரும் தகரப் பெட்டி. எல்லாப் பாகங்களுக்கும் சோறு போடுவது அதுவே. ஆனால் எவரும் அதைக் கவனிப்பதில்லை. செத்த பெட்டியிலிருந்ததை எடுத்துக் கையில் வைத்தபோது காலி டப்பா போலக் கனமற்றிருந்தது. மேலே 450 வாட் என்று பெரிய எழுத்து. சிஸ்டர் கீழேயிருந்த சிறிய அட்டவணையைக் காட்டி 12 வோல்ட் வரிசையைப் படிக்கச் சொன்னார்கள்: 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்! பிராசஸரும் கார்டும் உண்பது முக்கியமாக இந்த 12 வோல்ட்டைத்தான். எனவே வாங்கும்போது பெரிய எழுத்தைப் படிக்காமல் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

திறந்து பார்த்ததில், மின்சாரம் நுழையுமிடத்தில் சுருள்களும் மின்தேக்கிகளும் அமைய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பலகையில் அவற்றுக்கான துளைகள் மட்டும் இருந்தன. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதைத் தாங்கி உறிஞ்சும் சிறு வில்லையும் இல்லை. செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள் போலும். மின்கம்பி வழியே வந்த அதிர்ச்சி நேரே போர்டுக்குப் போயிருக்கிறது. நேராக இடி விழுந்தால் எந்த உயர்ந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஸும் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்குவதே காப்பு. இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும்.

புதியதற்குக் கணக்குப் போட்டோம். பிராசஸர் உச்சத்தில் 88 வாட் வரை. அடுத்த போகத்தில் வாங்க எண்ணியிருக்கும் ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட். விசிறி, போர்டு, மற்றவற்றுக்கு 50 என வைத்தால் 270. திடீர் ஏற்றத்துக்கு இடம் விட்டு 550 வாட்டில் தரமான ஒன்று. '80 பிளஸ்' என்னும் முத்திரையையும் பார்த்தோம். உள்ளே செல்லும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது வீணாகாமல் வெளிவரும் என்பதே அதன் பொருள். அது சிக்கனச் சான்றேயன்றிப் பாதுகாப்புச் சான்றன்று. மிகை மின்னழுத்தக் காப்பு, குறுக்குச்சுற்றுக் காப்பு என்பவை உண்டா என்று தனியே படித்தறிந்தோம். இதில் மட்டும் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நால்வரும் ஒரே குரலில் சம்மதித்தோம். மீந்ததில் ஒரு சிறு யு.பி.எஸ்.-உம் வாங்கினோம், மின்சாரம் போனால் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும்.

கேபினட் தேர்வில் ஊரின் காற்று நுழைந்தது. ஆனி ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் மேல்காற்றைத் தங்கையர் அறிவீர்கள். காற்றாலைக்கு நல்லது, கணிப்பொறிக்குப் புழுதி. முன்பக்கம் முழுதும் கண்ணாடியாயிருந்த பழைய பெட்டியில் காற்று நுழைய வழியே இல்லை; வெப்பம் மிகுந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்னால் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும், முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இரு விசிறிகளும் உள்ள, விளக்கில்லாத பெட்டியை வாங்கினோம். தோழிக்கு அந்த விளக்குகள்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எங்கே வாங்குவது? சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இதற்குப் பேர்போனது. டெல்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. ரோடு போல. தேனியிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியாத நாங்கள், விலைகளை அங்கும் இணையத்திலும் கேட்டு எழுதிக்கொண்டு, மதுரையில் வாங்கினோம். பில் இல்லாவிட்டால் 18 விழுக்காடு வரி மிச்சம் என்று ஆசை காட்டினார் ஒருவர். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை என்பதை ஒருமுறை பட்டவர்கள் நாங்கள்; பில்லோடுதான் வாங்கினோம், ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு. பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மறைநாணயம் முறையை மாற்றிக்கொள்ளும்வரை அதைத் தோண்டியெடுக்க இரவும் பகலும் ஓடிய கார்டுகள் பல, இன்றும் சந்தையில் கைமாறுகின்றன. விசிறி தேய்ந்திருக்கும். ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பூட்டிய நாளில் சோதனை வராமலா போகும்? உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போகக் கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். பிராசஸர்மேல் பட்டாணியளவு பசை வைத்தோம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. ஒரு மணி நேரம் கழித்து, ஒரு ரேமின் ஓரம் முழுதாக அழுந்தவில்லை என்று கண்டோம். 'க்ளிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

அடுத்தது இன்னும் விந்தை. தோழியின் வீட்டில் வைத்தபின் கேபினட்டைத் தொட்டால் கை சுர்ரென்றது. பழைய பெட்டியில் அப்படி இருந்ததேயில்லை! மட்டமானதை வாங்கிவிட்டோமோ என்று நடுங்கினோம். பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்துவிட்டு, மூன்று துளைப் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எர்த் கம்பி எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-இல் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது இரும்பிலேயே தங்கும். பழைய பெட்டியில் வடிகட்டியே இல்லாததால் கையும் சுர்ரெனவில்லை. கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்றி எர்த் அமைத்த செலவையும் சேர்த்தே எங்கள் நாற்பதாயிரம் முடிந்தது.

வீட்டில் விதித்த நிபந்தனை ஒன்றுண்டு. 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், பதினைந்து வயதில் 2006-இல் இறந்தவர், கணிப்பொறியில் கைதேர்ந்தவர். விளையாட்டு மிகப் பிடித்திருந்தும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என வரையறுத்துக்கொண்டார் என்று சிஸ்டர் சொன்னதை, தோழியின் அம்மா அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பேரம் பேசி ஞாயிறு இரண்டு மணி நேரம் என்றாயிற்று. விளையாட்டுச் செய்யக் கற்கும் நேரம் இதில் சேராது.

முதல் ஞாயிறன்று 'வெண்பா' ஓடியது. பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, திரையில் இட்லிப் பானையைக் கண்டதும் எழுந்து வந்து, "ஏத்தா, குழிக்கு மேல குழி வராம தட்ட மாத்தி அடுக்கு" என்றார்கள். அப்படியே அடுக்கினோம், இட்லி சரியாக வெந்தது.

போர்டில் கார்டுக்கான நீண்ட பிளவு இப்போது காலியாக இருக்கிறது. அதற்கான மின்கம்பியை மடித்துக் கட்டி உள்ளேயே வைத்திருக்கிறோம். கவாத்து முடிந்து கொடியில் பூ பிடித்துவிட்டதாகத் தோழி சொல்கிறாள்.